மருத்துவர் அறையும் சட்டசபையும்

மருத்துவ விஷயங்களில் சட்டசபைகள் தலையிடுவது புதுமையான செய்தி அன்று. அம்மை குத்திக்கொள்வதைக் கட்டாயமாக்கியதும் சட்டந்தான். அபினி விற்பனைக்கு வரம்பு வகுத்ததும் சட்டந்தான். பொதுமக்களின் உடல்நலத்தைக் காப்பது அரசாங்கத்தின் கடமைகளுள் ஒன்று என்பதை எவரும் மறுக்க மாட்டார்கள். ஆனால், ஒரு மருந்தை ஒரு குழந்தைக்குக் கொடுக்கலாம், அதே வயதுள்ள மற்றொரு குழந்தைக்கு அதே மருந்தைக் கொடுப்பது குற்றம் என்று சட்டம் இயற்றப்படுமானால், அங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 2021ஆம் ஆண்டு முதல் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இவ்வாறு சட்டம் இயற்றியிருக்கின்றன. அச்சட்டங்கள் எப்படித் தோன்றின, அவற்றுக்கு ஆதரவாகவும் எதிராகவும் கூறப்படுபவை யாவை என்பவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பிறந்தபோது ஆண் என்று பதிவு செய்யப்பட்ட ஒருவர் தம்மைப் பெண்ணாக உணர்ந்து வாழ்வதும், பெண் என்று பதிவு செய்யப்பட்ட ஒருவர் தம்மை ஆணாக உணர்ந்து வாழ்வதும் நம் நாட்டார் அறியாதவை அல்ல. முன்னவரைத் திருநங்கை என்றும், பின்னவரைத் திருநம்பி என்றும், யாவரையும் சேர்த்துத் திருநர் என்றும் தமிழில் இப்போது மரியாதையுடன் வழங்குகிறோம். இவ்வுணர்வு பலருக்கு இளமையிலேயே தோன்றிவிடுகிறது. குரல் உடைவதும், மீசை அரும்புவதும், மார்பு வளர்வதும் மற்றப் பிள்ளைகளுக்குச் சிறிது வெட்கத்தையும் சிறிது பெருமிதத்தையும் தருபவை. இப்பிள்ளைகளில் பலருக்கோ, தம் உடலே தமக்கு அந்நியமாகிப் போவது போன்ற வேதனையை அவை உண்டாக்குகின்றன. ஒரு முறை தடித்துவிட்ட குரலும், அகன்றுவிட்ட தோள் எலும்பும் பிறகு எந்த மருந்துக்கும் பழைய நிலைக்கு மீளா. ஆகையால் இங்கே காலம் ஒரு முக்கியமான காரணம் ஆகிறது. காத்திருப்பதும் ஒரு முடிவே. அதற்கும் விளைவு உண்டு.

திருநருக்கு மருத்துவ உதவி அளிப்பது நேற்று முளைத்த வழக்கம் அன்று. 1919ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டு என்ற மருத்துவர் பாலியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவி, இத்தகையோருக்கு ஆலோசனையும் சிகிச்சையும் அளித்து வந்தார். உலகச் சுற்றுப் பயணத்தில் 1931இல் அவர் இந்தியாவுக்கும் வந்திருந்தார். பின்னர்த் தம் தாய்நாட்டுக்குத் திரும்பும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1933ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் தேதி நாஜி மாணவர்கள் அந்நிலையத்தைச் சூறையாடினர். நான்கு நாட்களுக்குப் பின் அதன் நூல்கள் பெர்லினின் பொதுச் சதுக்கத்தில் எரியூட்டப்பட்டன. அமெரிக்கப் படையில் பணியாற்றியிருந்த கிறிஸ்டின் ஜார்கென்சன் டென்மார்க்கில் சிகிச்சை பெற்றுப் பெண்ணாக வாழத் தொடங்கிய செய்தி 1952 டிசம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றின் முதற்பக்கத்தில் வெளியாகி உலகெங்கும் பரவிற்று. 1966இல் புகழ் பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை வயது வந்த திருநருக்கென ஒரு சிகிச்சைப் பிரிவைத் திறந்தது. சிகிச்சையால் போதிய பயன் இல்லை என்று அங்குள்ள சிலர் கூறியதன் பேரில் 1979இல் அதை மூடியது. 2017இல் மறுபடியும் திறந்தது. எனவே முன்னேறுவதும் பின்வாங்குவதும் இத்துறைக்குப் பழகிப்போனவை. ஆனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் கதவை மூடியவர்களும் மருத்துவர்கள், திறந்தவர்களும் மருத்துவர்கள். இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

சிறார் விஷயத்தில் சர்ச்சைக்கு உள்ளாகியிருக்கும் முதன்மையான மருந்து எது, அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். மேடையில் முழங்குவோரிடமிருந்து இந்த விளக்கம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மூளையின் அடிப்புறத்தில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. பருவம் வருங்காலத்தில் அது ஒரு ஹார்மோனை விட்டு விட்டு, துடிப்புத் துடிப்பாக வெளியிடுகிறது. அதன் கீழே பட்டாணி அளவில் தொங்கிக்கொண்டிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அத்துடிப்புக்கு இணங்கி வேறு இரு ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்க, அவை போய் ஆணின் விரைகளையோ பெண்ணின் சூலகங்களையோ எழுப்புகின்றன. பருவமெய்துதல் என்று நாம் சொல்வது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியே. முதற் கண்ணியாகிய அந்த மூளை ஹார்மோனின் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கீயமென் என்ற இரு விஞ்ஞானிகள் ஒருவரோடொருவர் கடும் போட்டியிட்டுக் கண்டறிந்தனர். கடுகளவுச் சரக்கைப் பிரித்தெடுப்பதற்காக ஷாலி பன்றி மூளைகளையும் கீயமென் ஆட்டு மூளைகளையும் இலட்சக்கணக்கில் சேகரித்தார்கள் என்றால் அந்த உழைப்பை என்னென்பது! 1977இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பின்னர் அதே போன்ற பொருள்களை இரசாயன முறையில் செய்யக் கற்றார்கள். அப்போது ஒரு விந்தை புலப்பட்டது. விட்டு விட்டு வரும்போது பிட்யூட்டரியை எழுப்பும் அப்பொருள், இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால் அதனைச் செயலற்றுப்போகச் செய்கிறது. கதவை ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தால் வீட்டார் கேட்டும் கேளாதவராக இருந்துவிடுவது போன்றது இது. ஆறு ஏழு வயதிலேயே பூப்படையத் தொடங்கிவிடும் சிறுமியருக்கு இம்மருந்து பெரிதும் உதவிற்று. ஊசியாகப் போட்டு வரும் வரையில் பருவ மாற்றங்கள் நின்றிருக்கும். நிறுத்தினால் மறுபடி தொடங்கும். அமெரிக்காவில் இவ்வுபயோகத்திற்கு 1993இல் அரசாங்க அனுமதி வழங்கப்பட்டது. அன்று முதல் குழந்தை மருத்துவர்கள் இதைக் கையாண்டு வருகிறார்கள்.

இதே மருந்தைத் திருநர் சிறாருக்குப் பயன்படுத்தலாம் என்று முதலில் எண்ணியவர்கள் நெதர்லாந்து நாட்டு மருத்துவர்கள். பெகி கோஹன்-கெட்டெனிஸ் என்ற உளவியல் அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998இல் ஒரு சிறாரின் சிகிச்சை வரலாற்றை வெளியிட்டார்கள். 2006இல் முறையை வகுத்து எழுதினார்கள். நீண்ட பரிசோதனைக்குப் பின், பருவம் தொடங்கிவிட்ட 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இம்மருந்தைக் கொடுத்து நிறுத்தி வைப்பது. 16 வயதளவில், உணர்வு மாறாதிருந்தால், தான் உணரும் பாலுக்குரிய ஹார்மோனைக் கொடுப்பது. அறுவைச் சிகிச்சையை 18க்குப் பின் எண்ணுவது, இதுவே அவர்கள் காட்டிய வழி. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 2009இலும் 2017இலும் வெளியிட்ட நெறிமுறைகள் பெரும்பாலும் இதனைத் தழுவியவை.

இதில் ஐயங்கள் இல்லையா என்றால், உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது இப்பிள்ளைகளுக்கே தீங்கு செய்வதாகும். எலும்பு வலுப்பெற வேண்டிய வயதில் ஹார்மோன்களை நிறுத்தி வைப்பதால் எலும்பின் அடர்த்தி குறைபடுகிறது. மிக இளம் பருவத்தில் தொடங்கி, இடையே நிறுத்தாமல் மறு பாலுக்குரிய ஹார்மோனுக்குச் செல்வோருக்குப் பிற்காலத்தில் மக்கட்பேறு இல்லாமற்போகலாம்; பதின்மூன்று வயதுப் பிள்ளை இதன் பொருளை எவ்வளவு தூரம் உணர முடியும் என்ற கேள்வி நியாயமான கேள்வியே. சிந்திப்பதற்கு அவகாசம் தரும் மருந்து என்று இதைச் சொன்னாலும், நெதர்லாந்தில் 2011இல் வெளியான ஆய்வில் இடம்பெற்ற 70 பேரும் அடுத்த கட்டமாகிய ஹார்மோன் சிகிச்சைக்குச் சென்றார்கள். சரியானவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு இது சான்று என்பர் சிலர். அவகாசம் என்பது பெயரளவுக்கே என்பதற்கு இது சான்று என்பர் வேறு சிலர்.

இங்கிலாந்தில் இந்த ஐயம் வலுத்தது. அங்கே சிறாருக்கான பாலின மருத்துவப் பிரிவுக்கு 2011-12இல் அனுப்பப்பட்டவர்கள் 250க்கும் குறைவு. பத்தாண்டுகளுக்குப் பின் அத்தொகை 5,000ஐத் தாண்டியது. குழந்தை மருத்துவர் ஹிலரி காஸ் என்ற அம்மையாரிடம் விசாரணைப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் அவருடைய இறுதி அறிக்கை வெளிவந்தது. சிகிச்சையின் பயனை நிலைநாட்டும் சான்றுகள் வலுக்குறைந்தவை என்றும், பருவத்தை நிறுத்தும் மருந்தை ஆராய்ச்சியின் ஓர் அங்கமாகவே கொடுக்க வேண்டும் என்றும் அவர் கூறினார். ஆனால் சில இளைஞருக்கு மருத்துவச் சிகிச்சையே தக்க வழியாக இருக்கும் என்பதையும், அவர்கள் மரியாதையுடன் நடத்தப்பட வேண்டும் என்பதையும் அவ்வறிக்கை மறுக்கவில்லை. பின்லாந்து 2020இலும் ஸ்வீடன் 2022இலும் இத்தகைய எச்சரிக்கை நெறிகளை வகுத்தன. இவ்விரு நாடுகளிலும் அதைச் செய்தவை சுகாதாரத் துறையைச் சேர்ந்த அமைப்புகள். தக்க காரணம் இருப்பின் சிகிச்சையளிக்கும் வழியும் திறந்தே விடப்பட்டது. இங்கிலாந்தில் மட்டும், மருத்துவ அறிக்கைக்குப் பின்னாலேயே அமைச்சரின் பேனாவும் வந்தது. 2024 மே மாதம் கன்சர்வேடிவ் அரசாங்கம் போட்ட தற்காலிகத் தடையை டிசம்பரில் லேபர் அரசாங்கம் காலவரையறையின்றி நீட்டிற்று.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே தொடக்கம் மருத்துவத்திலிருந்து அன்று, அரசியலிலிருந்து. 2015 ஜூன் மாதத்தில், ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளும் உரிமையை அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுமைக்கும் உறுதி செய்தது. அதை எதிர்த்துத் தோற்ற இயக்கங்களில் பல அடுத்துத் திருநர் பக்கம் திரும்பின. 2016இல் வட கரோலினா மாநிலம், பொதுக் கட்டடங்களில் பிறப்புப் பதிவில் உள்ள பாலுக்குரிய கழிப்பறையையே உபயோகிக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. கம்பெனிகள் அம்மாநிலத்தில் முதலீட்டைக் கைவிட்டன. கூடைப்பந்துச் சங்கம் தன் பெரும் போட்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றியது. அடுத்த ஆண்டே சட்டத்தின் பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டது. கழிப்பறையில் கிட்டாத வெற்றி விளையாட்டுத் திடலில் கிட்டியது. 2020இல் ஐடஹோ தொடங்கிவைக்க, திருநங்கை மாணவியர் பெண்கள் போட்டிகளில் கலந்துகொள்வதைத் தடுக்கும் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இவ்விடத்தில் யூட்டா மாநிலத்தின் கதை சொல்லத் தக்கது. 2022 மார்ச்சில் அங்குள்ள குடியரசுக் கட்சிக் கவர்னர் ஸ்பென்சர் காக்ஸ் அத்தகைய மசோதா ஒன்றுக்கு ஒப்புதல் தர மறுத்தார். மறுத்ததற்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரு கணக்குக் கொடுத்திருந்தார்: மாநிலத்தில் பள்ளி விளையாட்டுகளில் ஈடுபடும் மாணவர் 75,000 பேர், அவர்களுள் திருநர் 4 பேர், அந்த நால்வருள் பெண்கள் போட்டியில் ஆடுபவர் ஒரே ஒருவர். நான்கு பிள்ளைகளுக்கு எதிராக ஒரு சட்டமா என்பதே அவர் கேள்வி. சட்டசபை அவருடைய மறுப்பைப் புறக்கணித்து மசோதாவை நிறைவேற்றிக்கொண்டது. அதே கவர்னர், பத்து மாதங்கள் கழித்து, திருநர் சிறாருக்குப் புதிதாகச் சிகிச்சை தொடங்குவதைத் தடுக்கும் மசோதாவில் கையெழுத்திட்டார் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அரசியலில் காற்று எந்தப் பக்கம் வீசிற்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி வேறொன்று நமக்குத் தென்படவில்லை.

சிகிச்சைத் தடைச் சட்டங்களில் முதலாவது ஆர்க்கன்சா மாநிலத்தில் 2021 ஏப்ரலில் வந்தது. அங்கும் கவர்னர் ஏசா ஹட்சின்சன், பெற்றோருக்கும் மருத்துவருக்கும் இடையில் அரசாங்கம் புகுவது அளவு மீறிய செயல் என்று கூறி ஒப்புதல் மறுத்தார். மறுநாளே சட்டசபை அதைத் தள்ளிவிட்டது. அலபாமா 2022இல், இச்சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை என்று விதித்தது. ஒஹாயோவின் கவர்னர் மைக் டிவைன் மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று குடும்பத்தாருடன் பேசிய பின் 2023 டிசம்பரில் ஒப்புதல் மறுத்தார். அடுத்த மாதமே அவருடைய மறுப்பும் செல்லாக் காசாயிற்று. இவர்கள் மூவரும் குடியரசுக் கட்சியினர் என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் அமெரிக்க மருத்துவ சங்கமும் இச்சட்டங்கள் இயற்றப்பட்ட காலத்தில் அவற்றை எதிர்த்தன, பயன் இல்லை.

எத்தனை பிள்ளைகளைப் பற்றிய பேச்சு இது? தனியார் இன்ஷூரன்ஸ் பெற்ற ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறாரின் 2018 முதல் 2022 வரையிலான சிகிச்சைக் குறிப்புகளை ஆராய்ந்து 2025 ஜனவரியில் வெளியிட்ட முடிவின்படி, பருவம் நிறுத்தும் மருந்தோ ஹார்மோனோ பெற்ற திருநர் சிறார் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கும் குறைவு. 12 வயதுக்குட்பட்ட எவருக்கும் ஹார்மோன் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

இச்சட்டங்களுள் வழக்காடப்பட்டுப் புகழ் பெற்றது டென்னசி மாநிலத்தின் சட்டம். 2023 மார்ச்சில் கவர்னர் கையெழுத்திட்டு, ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வரவேண்டியதாக இருந்தது. பருவம் நிறுத்தும் மருந்தையும் ஹார்மோன்களையும், பிறந்த பாலுக்கு மாறாக வாழ்வதற்கென்று 18 வயதுக்குட்பட்டவருக்குக் கொடுக்கலாகாது. மீறினால் ஒவ்வொரு மீறுதலுக்கும் 25,000 டாலர் அபராதம். ஆனால் காலத்துக்கு முன் பூப்படையும் சிறுமிக்கு அதே மருந்து தடையில்லை. மீசை முளைக்கவில்லையே என்று ஏங்கும் சிறுவனுக்கு மருத்துவர் ஆண் ஹார்மோன் கொடுப்பதற்கும் தடையில்லை. பிறவியிலேயே ஆண் பெண் உறுப்புகள் தெளிவாகப் பிரியாமல் பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் சிகிச்சையும் விலக்குப் பெற்றிருக்கிறது. பிள்ளைகள் தம் பாலை மதிக்கும்படி ஊக்குவிப்பதும் மாநிலத்தின் நோக்கம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எலும்பையும் கருப்பையையும் பற்றிய கவலைக்கு இந்த வாசகம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

மேற்கூறிய கடைசி விலக்கு நமக்கு ஒரு செய்தியை நினைவூட்டுகிறது. இடைப்பால் குழந்தைகள் விஷயத்தில் தமிழ்நாடு நேர் எதிரான திசையில் சென்றது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்வது பற்றிய வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், அத்தீர்ப்பிலேயே, இடைப்பால் சிசுக்களை ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கும் அறுவைச் சிகிச்சைகளைத் தடை செய்யுமாறு பணித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசாங்கம், உயிருக்கு ஆபத்தான நிலை நீங்கலாக, அவற்றைத் தடை செய்து ஆணை பிறப்பித்தது. வாய் திறந்து சொல்ல இயலாத சிசுவின் உடலில் மற்றவர் விருப்பப்படி கத்தி வைக்கலாகாது என்பது இங்குள்ள நியாயம். டென்னசியிலோ, சிசுவுக்குச் செய்யும் அச்சிகிச்சை அனுமதிக்கப்படுகிறது. தன் வாயால் கேட்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு மருந்து மறுக்கப்படுகிறது. குழந்தையின் சம்மதமே இச்சட்டத்தின் கவலை என்ற வாதம் இதற்கு முன் நிற்பது கடினம்.

டென்னசிச் சட்டத்தை எதிர்த்து மூன்று பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் மெம்பிஸ் நகரத்து மருத்துவர் ஒருவரும் வழக்குத் தொடுத்தனர். அன்றைய மத்திய அரசாங்கமும் அவர்களுடன் சேர்ந்துகொண்டது. 2023 ஜூனில் மாவட்ட நீதிபதி, அறுவைச் சிகிச்சை பற்றிய பகுதி நீங்கலாக, சட்டத்தை நிறுத்தி வைத்தார். ஜூலையில் மேல் நீதிமன்றம் அதை மீண்டும் அமலுக்குக் கொண்டுவந்தது. 2024 டிசம்பர் 4ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் வாதம் நடந்தது. குடும்பங்களின் சார்பில் வாதாடிய சேஸ் ஸ்ட்ராஞ்சியோ, அந்த மன்றத்தின் முன் நின்ற முதல் வெளிப்படையான திருநர் வழக்கறிஞர் ஆவார். வழக்கின் உயிர்நாடி ஒரே கேள்விதான்: இச்சட்டம் பாலை வைத்துப் பாகுபாடு செய்கிறதா, இல்லையா? பாலை வைத்து என்றால் அமெரிக்க நீதிமன்றங்கள் சட்டத்தைக் கடுமையாகச் சலித்துப் பார்க்க வேண்டும். இல்லையெனில், ஏதேனும் ஒரு நியாயமான காரணம் தென்பட்டாலே போதும்.

2025 ஜூன் 18ஆம் தேதி ஆறு பேருக்கு மூவர் என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இச்சட்டம் வயதையும் மருந்தின் உபயோகத்தையும் வைத்தே பிரிக்கிறது, பாலை வைத்து அன்று என்றும், மருத்துவத்தில் முடிவு காணாத விவாதத்தைத் தீர்ப்பது மக்களின் பிரதிநிதிகளுக்குரியது என்றும் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். ஒரு பையனுக்குக் கிடைக்கும் அதே ஆண் ஹார்மோன் பெண் என்று பதிவான பிள்ளைக்கு மட்டும் கிடைக்காமற் போவது பாலை வைத்துச் செய்த பாகுபாடு அல்லாமல் வேறென்ன என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் மாறுபட்டு எழுதினார்; அரசியல் வேகத்திடம் இப்பிள்ளைகளை நீதிமன்றம் கைவிட்டுவிட்டது என்பதும் அவர் கருத்து. நம் கருத்தைக் கேட்டால், மருத்துவ முடிவு திட்டவட்டமாக இல்லாத இடத்தில் நீதிமன்றம் தயங்குவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஐயத்துக்கு மருந்து ஆராய்ச்சியும் கண்காணிப்புமே. ஒட்டுமொத்தத் தடை இருக்குமிடத்தில் அந்த ஆராய்ச்சியும் நடைபெற வழியில்லை. பள்ளிப் பாடத்தில் பெற்றோருக்கே முதல் உரிமை என்று முழங்கிய அதே கட்சிக்காரர்கள், இவ்விஷயத்தில் மட்டும் பெற்றோரின் முடிவை ஏற்க மறுப்பதும் விசித்திரமே.

சிறாரைக் காப்பது மட்டுமே நோக்கம் என்றால் பெரியவர்களின் விஷயம் தொடப்பட்டிருக்காது. ஜனாதிபதி டொனால்டு டிரம்ப் 2025 ஜனவரி 20ஆம் தேதி பதவியேற்ற அன்றே, பிறப்பால் வரும் இரு பால்களை மட்டுமே மத்திய அரசாங்கம் அங்கீகரிக்கும் என்று ஆணையிட்டார். அந்த மாதத்திலேயே திருநர் படையில் பணிபுரிவதற்கு எதிரான ஆணையும் வந்தது. மே மாதம் அதை நடைமுறைப்படுத்தச் சுப்ரீம் கோர்ட்டு இடம் கொடுத்தது. பாஸ்போர்ட்டில் பிறப்புப் பாலையே எழுதுவதற்கு நவம்பரில் இடம் கொடுத்தது.

ஜனவரி 28ஆம் தேதி வந்த மற்றோர் ஆணை, 19 வயதுக்குட்பட்டவருக்கு இச்சிகிச்சை அளிக்கும் நிலையங்களுக்கு மத்திய அரசின் நிதியை நிறுத்தச் சொல்லியது. அதன் சில பகுதிகளை மாவட்ட நீதிபதிகள் தடுத்து வைத்தனர். எனினும் அச்சம் தன் வேலையைச் செய்தது. தடைச் சட்டமுள்ள மாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்களைக் காக்கவென்று 2022லேயே தனிச் சட்டம் செய்த மாநிலம் கலிபோர்னியா. அம்மாநிலத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளாக நடந்து வந்த திருநர் சிறார் சிகிச்சை நிலையம், நாட்டிலேயே பெரியவற்றுள் ஒன்று. சுமார் 3,000 பேர் அதில் சிகிச்சை பெற்று வந்தனர். கலிபோர்னியச் சட்டசபை எந்தத் தடையும் விதிக்கவில்லை. எந்த நீதிமன்றமும் அதை மூடச் சொல்லவில்லை. மத்திய நிதி போய்விட்டால் மற்ற நோயாளிக் குழந்தைகளையும் கவனிக்க முடியாமற் போய்விடும் என்று நிர்வாகம் கணக்கிட்டது. 2025 ஜூலை 22ஆம் தேதி நிலையம் மூடப்பட்டது. பாதி நடந்துகொண்டிருந்த சிகிச்சையுடன் பிள்ளைகளும் பெற்றோரும் வேறு மருத்துவர்களைத் தேடிப் புறப்பட்டார்கள்.